மூன்று ஆடுகள் செய்த கேடு

தென் அமெரிக்காவின் மேற்கே, கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் தொலைவில், பசிபிக் சமுத்திரத்தில் கலாபாகஸ் தீவுகள் உள்ளன. எரிமலைகளாற் பிறந்த இத்தீவுகள் எக்காலத்தும் கண்டத்தோடு இணைந்திருந்தவையல்ல. ஆதலால், தற்செயலாக அங்கு வந்து சேர்ந்த சில உயிர்கள் வேறெங்குங் காணப்படாத இனங்களாகப் பெருகின. அவற்றுட் சிறந்தவை பேருருவம் படைத்த நில ஆமைகள்.

உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர்தாங்கும் ஆற்றலே இவ்வாமைகளுக்குக் கூற்றாயிற்று. கெடாத இறைச்சி இதுவென்று மாலுமிகள் அவற்றை உயிரோடு கப்பலில் அடுக்கிச் சென்றனர். தப்பியவற்றுக்கு வேறொரு கேடு வந்தது. 1959ஆம் ஆண்டிலே மீனவர் சிலர் பிந்தா என்னுந் தீவில் மூன்று ஆடுகளை விட்டுச் சென்றனர். அவை விரைவிற் பல்லாயிரமாகிப் பசுமையை மேய்ந்து தீர்த்தன. 1971இல் அங்கே ஓர் ஆண் ஆமை மட்டுமே காணப்பட்டது. தனியன் ஜோர்ஜ் எனப் பெயர்பெற்ற அது, தன்னினத் துணை காணாமலே 2012இல் மாண்டது. அதனோடு ஓர் இனமே முடிந்தது.

எக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்ததும் அதே 1959ஆம் ஆண்டிலேதான். சட்டம் மட்டுங் காவலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும், முயன்றாற் பயனுண்டு. எஸ்பனோலா என்னுந் தீவில் எஞ்சிய 14 ஆமைகளைக் காப்பகத்துக்குக் கொணர்ந்து இனம்பெருகச் செய்தனர். ஆடுகளை 1978இல் முற்றாக அகற்றினர். 2020ஆம் ஆண்டளவில் அத்தீவின் ஆமைகள் ஏறத்தாழ 2000 ஆயின.

இன்று அங்குச் செல்லும் பயணிகளின் பொதிகளிலே கனியும் விதையும் உளவோவெனச் சோதிக்கின்றனர். இதனை வீண் தொல்லையென்பாரும் உளர். நேயர்களே, மூன்று ஆடுகளைக் கரையிறக்கியவரும் தீங்கு நினைத்தவரல்லர். பின்னொரு நாள் இறைச்சிக்கு உதவுமென்றே எண்ணினர்.