குளிச்ச தண்ணீர் எங்கே போகிறது?

நம் பெற்றோர் காலத்தில் குளிப்பு என்றால் பீலிதான். குளித்த தண்ணீர் அப்படியே ஓடையில் போய்ச் சேரும். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. இன்றைக்கு 7 பேர்ச் காணியில் கட்டிய வீடுகளிலும், லயத்துக்குப் பின்னால் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டிய இடங்களிலும் குளியலறை வந்துவிட்டது. சந்தோஷமான விஷயம். ஆனால் அதோடு ஒரு கவலையும் சேர்ந்து வந்திருக்கிறது. குளித்த தண்ணீர் தரைக்குக் கீழே உள்ள பைப்பில் போகிறது. அந்தப் பைப் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது.

அண்மையில் ஒரு தோட்டத்தில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். சரிவில் மேலும் கீழுமாக இரண்டு வீடுகள். கீழ் வீட்டுக் குசினிச் சுவர் நனைந்து, பூச்சு உதிர்ந்து கிடந்தது. "கூரைதான் ஒழுகுதுனு நெனச்சு ரெண்டு தடவை தார் பூசினோம்ங்க. மழை விட்டும் ஈரம் காயல" என்றார் அந்த வீட்டு அக்கா. மேல் வீட்டு அண்ணனோ, "எங்க வீட்டுல ஒரு சொட்டுக்கூட ஒழுகலயே" என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிவிட்டது.

மேல் வீட்டுக் குளியலறையில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அத்திவாரக் கல் இடுக்கில் நீலம் கசிந்தது. அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் தரைக்கு அடியில் பைப் மூட்டு விட்டிருந்தது. ஈரம் தெரிகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. இதை மறந்துவிட்டுச் சுவரைப் பூசினால் சீமெந்துக் காசுதான் நட்டம்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிப்போம்

1. தண்ணீர் போகிற ஓட்டையின் சல்லடை மூடியைக் கழற்றுங்கள். முடி, சவர்க்காரக் கசடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பைப் அடைத்திருந்தால் தண்ணீர் பின்வாங்கி மூட்டு வழியாக வெளியே தள்ளும். சில வீடுகளில் கோளாறு இவ்வளவுதான்.

2. பழைய துணியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பைப்புக்குள் நாலு விரல் ஆழத்தில் இறுக்கமாக அடையுங்கள். தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் தரை வெடிப்பிலோ, பைப்பும் தரையும் சேருகிற ஓரத்திலோதான் ஒழுக்கு.

3. தண்ணீர் இறங்காவிட்டால் தரை நல்லது. அடைப்பை எடுத்துவிட்டு, நீலத் தண்ணீரை ஊற்றி வெளிப்பக்கம் பாருங்கள். கானுக்குப் போகிற வாயைத் தவிர வேறெங்கே நீலம் தெரிந்தாலும் பைப்பில்தான் பழுது. மண் சில வேளை நிறத்தைக் குடித்துவிடும். ஆகவே நீலம் தெரியவில்லை என்றாலும், ஈரம் புதிதாகக் கூடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஓரத்தில் ஒழுகினால்

பைப்பைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பழைய சீமெந்தை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். பிவிசி பைப் வழுவழுப்பானது. சீமெந்து அதில் சரியாகப் பிடிக்காது. இதனால்தான் அந்த ஓரத்தில் அடிக்கடி விடுகிறது. பைப்பின் வெளிப்பக்கத்தை மண் கடதாசியால் தேய்த்து, பிவிசி கம் பூசி, ஈரம் காயுமுன் காய்ந்த மணலைத் தூவி விடுங்கள். கம் காய்ந்தபின், கொத்திய இடத்தை நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து அழுத்திப் பூசுங்கள். தண்ணீர் தேங்காதபடி சரிவு ஓட்டையைப் பார்த்து இருக்க வேண்டும். மேலே ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் காயவிடாமல் வையுங்கள். முதல் மூன்று நாளாவது அங்கே குளிக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டுக் குளிப்பதில் வெட்கமில்லை.

மூட்டு விட்டிருந்தால்

தரையையோ அத்திவார ஓரத்தையோ கொஞ்சம் உடைக்கத்தான் வேண்டும். கம் போட்டு ஒட்டிய மூட்டைக் கழற்றிப் பூட்ட முடியாது. பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுத் துண்டும் சொக்கெட்டும் வாங்குங்கள். அளவு பிசகாமல் இருக்க, வெட்டிய துண்டையே கடைக்குக் கொண்டு போவது நல்லது. இரண்டு பக்கத்தையும் துடைத்து, காயவைத்து, தேய்த்து, கம் பூசிக் கால் சுற்றுத் திருப்பித் தள்ளி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் பைப் இறங்க வேண்டும். கம் சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்பு, குப்பி விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். யன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு நாள் விட்டு, மூட்டைச் சுற்றிக் காய்ந்த பத்திரிகைத் தாளைக் கட்டி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தாள் நனையாவிட்டால்தான் குழியை மூட வேண்டும். சைக்கிள் டியூப் சுற்றுவது பாஸ் வரும்வரைக்கும் தாங்கும். அது பழுதுபார்த்ததாக ஆகாது.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அது பலத்த மழையோடு வந்த அனர்த்தம். ஒரு குளியலறைப் பைப் மலையைச் சரித்துவிடாது. ஆனால் சரிவில் நிற்கிற வீட்டுக்கடியில் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் இறங்கினால், அத்திவார மண் இளகும், சுவர் வெடிக்கும். அதனால் பைப்பின் வாயைச் சரிவில் திறந்து விடாதீர்கள். சீமெந்துக் கானில் சேருங்கள். மலசலகூடக் குழியிலும் விடாதீர்கள். குழி சீக்கிரம் நிரம்பிவிடும். கானில் குப்பை தேங்காமல் பார்ப்பது அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டாரின் வேலை.

தரை தட்டினால் வெறுமையாகச் சத்தம் போட்டாலோ, கதவு திடீரென இறுகினாலோ நீங்களாக உடைக்க வேண்டாம்; அனுபவமுள்ள பாஸைக் கூப்பிடுங்கள். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்வது, புதிதாகக் கலங்கல் ஊற்று கிளம்புவது இவற்றைக் கண்டால் பைப்பைப் பற்றி யோசிக்காமல் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவியுங்கள்.

அந்த இரண்டு வீட்டுக் கதைக்கு முடிவு என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டு அண்ணன் தரையை உடைத்தார். கீழ் வீட்டுப் பையன் சீமெந்து குழைத்துக் கொடுத்தான். அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வந்தார். சுவர் காய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பேச்சுவார்த்தை அன்றைக்கே தொடங்கிவிட்டது.