ஏழு பெற்றோர் போதும்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று விரிவான சட்டம் முதன்முதலில் 1995-ல் வந்தது. பார்வையின்மை, காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு உள்ளிட்ட ஏழு வகைகளை அது பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத குறைபாட்டுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகையோ சலுகையோ கிடையாது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் இல்லவே இல்லை.

அந்த நிலையை மாற்றியதில் பெரும்பங்கு டெல்லியில் ஒரு தாய் தொடங்கிய அமைப்புக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்துக்கொண்டிருந்த மெர்ரி பருவா 1991-ல் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். மகனைச் சேர்த்துக்கொள்ள ஏற்ற பள்ளி இல்லை என்பதால் 1994-ல் ‘ஓப்பன் டோர்’ என்ற பள்ளியையும் அமைப்பே நடத்த ஆரம்பித்தது. பிள்ளையோடு தாயோ தந்தையோ வந்து தங்கி, பன்னிரண்டு வாரம் கூடவே இருந்து கற்றுக்கொள்ளும் பயிற்சியும் அங்கே உருவானது. அதோடு நிற்காமல் டெல்லி அதிகாரிகளின் கதவுகளையும் அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1999 டிசம்பர் 30-ல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் பிறந்தபோது, சட்டத்தின் பெயரிலேயே முதலாவதாக ஆட்டிசம் இடம்பெற்றது. பிறகு வந்த 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் எண்ணிக்கையை 21 ஆக்கியது. ஆட்டிசத்துக்கு அதிலும் தனி இடம் உண்டு. 2017 ஏப்ரல் 19 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

ஆக, உரிமைகள் எழுதப்பட்டுவிட்டன. சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை போன்ற ஊரில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அவை எப்படி வந்து சேரும்? ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கீழே, ஆட்சியர் அலுவலகம் கீழே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் கீழே. ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை நெரிசலான பேருந்தில் அழைத்துப்போவது, அன்றைய கூலியை இழப்பது, ஒரு கையெழுத்துக்காக மறுபடி வரச்சொன்னால் மறுபடி போவது. இரண்டு முறை போய்த் திரும்பியவர்கள் மூன்றாம் முறை போவதில்லை. உரிமை தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மலையூர்களில் இது கண்ணில் படாததற்குக் காரணம், பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான்.

பெற்றவர்கள் ஒளித்து வைப்பதற்கும் காரணம் உண்டு. பழி. 1943-ல் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, தாயின் பாசக்குறைவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று மேலைநாட்டு மருத்துவ உலகமே நீண்டகாலம் நம்பியது. தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் ஒரு நூல் எழுதி அந்தக் கருத்தைத் தகர்த்தார்; மறு ஆண்டே அமெரிக்காவில் பெற்றோர் சங்கம் ஒன்று உருவாகக் காரணமானார். லண்டனில் அதற்கு முன்பே, 1962-ல், பெற்றோர்கள் கூடிச் சங்கம் அமைத்திருந்தார்கள். நம் ஊரில் அதே பழி வேறு வடிவில் வருகிறது: கிரகணத்தில் வெளியே போனாள், குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யவில்லை, செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள். இவற்றில் எதுவும் ஆட்டிசத்துக்குக் காரணம் இல்லை. மரபணுக்களோடு பெரிதும் தொடர்புடைய, மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. தடுப்பூசியும் காரணம் இல்லை. அப்படிச் சொன்ன 1998-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

தமிழ்நாட்டிலும் பெற்றோரே முன்னின்று தொடங்கிய முயற்சிகள் உண்டு. பல குறைபாடுகளோடு பிறந்த மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-ல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வித்யாசாகர்; அவரே பின்னாளில் நேஷனல் டிரஸ்டின் தலைவராகவும் இருந்தார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான எழுத்தாளர் யெஸ். பாலபாரதி ‘ஆட்டிசம் - சில புரிதல்கள்’ நூலை எழுதியதால், ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் வாசல் திறந்தது.

இனி, மலையூர்ப் பெற்றோர் செய்ய வேண்டியவை. முதல் வேலை, சந்தேகம் வந்தவுடன் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று காத்திருந்தால் பயிற்சி அதிகம் பலன் தரும் ஆண்டுகள் கைநழுவும். பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனைக்கான ஆர்.பி.எஸ்.கே. அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்தக் குழு எழுதித் தரும் சீட்டோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்குப் போகலாம். சிகிச்சை இலவசம்.

அடுத்தது சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யும். ஆட்டிசத்தை அளக்க ‘இசா’ என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. கண் பார்த்துப் பேசுவது, உணர்ச்சியைக் காட்டுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, சத்தமும் தொடுதலும் தரும் தொல்லை என 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கேதான் பெற்றோர் தயாராகப் போக வேண்டும். புது அறையில், புது மனிதர் முன்னால் சில பிள்ளைகள் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிடும். வீட்டில் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது, வெறும் சோற்றைத் தவிர எதையும் தொடாமல் தட்டைத் தள்ளும்போது செல்போனில் எடுத்த சில நிமிட வீடியோவும், அங்கன்வாடி ஊழியரோ ஆசிரியரோ எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் இருந்தால் உண்மை நிலை தெரியும். சான்றில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பல உரிமைகள் பொருந்தும். மதிப்பீடு தவறென்று தோன்றினால் மேல்முறையீடு செய்யவும் 2016-ம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. சிறு வயதில் தரப்படும் சான்று தற்காலிகமானதாக இருக்கக்கூடும் என்பதால், காலாவதித் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசுப் பள்ளியும், அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு வர முடியாத அளவு பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேட்க வேண்டும். ‘மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு’ என்று திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. எழுத்தில் கேட்டாலே சில மறுப்புகள் மாறிவிடும். மாறாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். சட்டத்தை மீறுவதற்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரை.

ஆபத்துகளில் பெரியது, ‘குணமாக்குகிறோம்’ என்று வருபவர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. பயிற்சியால் பேச்சும் பழக்கமும் தன்வேலையைத் தானே செய்வதும் நன்றாக முன்னேறும், அது வேறு. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களை நம்பி நகையையும் நிலத்தையும் விற்றவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றும், மருத்துவர் அதை விளம்பரப்படுத்துவதும் தருவதும் தொழில் ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை நீக்குகிறோம் என்று ஊசி போட்டதில் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்திருக்கிறான். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் இரண்டு காகிதங்களைக் கேட்க வேண்டும்: சிறப்பாசிரியரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கழகம்) பதிவு எண், மையத்துக்கு 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள பதிவுச் சான்று. காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

இன்னோர் ஆபத்து தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டைவிட்டு நடந்துவிடுவார்கள். தண்ணீர் பலரை ஈர்க்கும். அமெரிக்க ஆய்வுகளில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் விபத்து மரணங்களில் மூழ்கிச் சாவதே முதலிடத்தில் இருக்கிறது. தோட்டத்துக் குட்டை, மூடாத கிணறு, மழைக்காலத்து ஓடை எல்லாம் மலையில் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கதவின் மேல்பக்கத்தில் தாழ்ப்பாள், சட்டைக்குள் தைத்த தொலைபேசி எண், பக்கத்து லைன் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது ஆகிய மூன்றும் செலவில்லாத பாதுகாப்புகள். கட்டிப்போடுவது பாதுகாப்பு அல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். ஒரு பிள்ளையைக் கட்டி வைத்துக்கொண்டுதான் கூலிக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தாயை ஏசிப் பயனில்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஆளும் அந்த ஊருக்குத் தேவை.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் புதிய சிக்கல். சட்டப்படி அன்றோடு பெற்றோரின் பாதுகாவலர் உரிமை முடிகிறது. சொத்து, வங்கிக் கணக்கு விஷயங்களில் கையெழுத்திட, அவர்கள் முறைப்படி பாதுகாவலராக நியமிக்கப்பட வேண்டியிருக்கும். இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால் போதும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். பெற்றோருக்குப் பிறகு பாதுகாவலராகும் சித்தப்பாவோ மாமாவோ பிள்ளையைக் கவனிக்காவிட்டால், சொத்தைத் தின்றால், அவரை நீக்கக் கோரலாம். அப்படிக் கோரும் உரிமை பெற்றோர், உறவினருக்கு மட்டுமல்ல, பதிவுபெற்ற அமைப்புக்கும் உண்டு. தங்கள் காலத்துக்குப் பிறகு யார் என்று தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோருக்கு, சங்கம் என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு பிரிவில் இருக்கிறது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். மஞ்சக்குட்டையில் மட்டும் ஏழு குடும்பம் இல்லாவிட்டாலும் நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று ஏற்காடு ஒன்றியம் முழுவதும் தேடலாம். பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் சங்கங்கள் நேஷனல் டிரஸ்டில் பதிவு பெறலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பதிவு பெற்ற அமைப்பின் வழியாக டிரஸ்டின் ‘நிரமயா’ மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கலாம். முன்பரிசோதனை இல்லாமல், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவுக்கும் சேர்த்து. ஏழு பேரில் ஒருவர் மாதம் ஒரு முறை எல்லார் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு சேலம் போய்வந்தால் மற்ற ஆறு பேரின் கூலி மிஞ்சும். எங்கள் ஊருக்கே மருத்துவ முகாம் நடத்துங்கள் என்று தனி ஆள் கேட்பதற்கும், சங்கத்தின் முத்திரையோடு கேட்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் வேறு.

நிபுணர் மலைக்கு வரமாட்டாரே என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு நடந்த ‘பாஸ்’ ஆய்வின் முடிவு 2016-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்தது. நிபுணர் அல்லாத உள்ளூர் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி தந்து, அவர் வழியாகப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தபோது, பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதம் தெளிவாக மேம்பட்டது. மலையிலேயே பிறந்து வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இளம்பெண்ணைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினால், வீடு வீடாகப் போக ஆள் கிடைத்துவிடும்.

வழக்கு என்று வந்தால் மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் 1098. முதல் கூட்டத்தைத் தோட்ட வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடிக் கட்டடத்திலேயே வைக்கலாம். வருகிறவர்கள் பிள்ளையின் ஆதார் நகல், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, சாதிச் சான்று, இரண்டு புகைப்படம், இதுவரை மருத்துவர்கள் எழுதித் தந்த சீட்டுகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பிள்ளையையும் அழைத்து வரலாம்; அங்கே யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள்.