தோல்விக்குப் பொறுப்பேற்பது யார்? கால்பந்து ரசிகர்கள் கேள்வி

புது தில்லி: 2027-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு இந்திய அணி தகுதி பெறத் தவறியதைத் தொடர்ந்து, அத் தோல்விக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி ரசிகர்களிடையே வலுத்துள்ளது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் பயிற்சியாளரை மாற்றுவதுடன் நடவடிக்கை முடிந்துவிடுகிறது. கால்பந்து நிர்வாகத்தை நடத்துவோரைக் கேள்வி கேட்க வழியே இல்லை என்பது அவர்களது மனக்குமுறல்.

தகுதிச் சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய அணிகளுடன் இந்தியா ஒரே பிரிவில் இடம்பெற்றது. அணிகள் பிரிக்கப்பட்டபோது அந் நான்கில் தரவரிசையில் முன்னணியில் இருந்தது இந்தியாதான். எனினும், முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி கிட்டவில்லை.

2025 மார்ச் 25-ஆம் தேதி ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் கோலின்றி டிரா. ஜூன் 10-ஆம் தேதி ஹாங்காங்கில், ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியை எதிரணி கோலாக்க 0-1 எனத் தோல்வி. அக்டோபர் 9-ஆம் தேதி சிங்கப்பூரில் 1-1 என டிரா. அடுத்த ஐந்தாவது நாள், கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் அதே சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோல்வி. சாங்தே அடித்த கோலால் முன்னிலை பெற்ற இந்திய அணி, சாங் உய் யங் அடித்த இரு கோல்களால் ஆட்டத்தையும் ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது.

நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றது ரசிகர்களின் ஆற்றாமையை மேலும் கிளறிவிட்டது. வாய்ப்பு ஏற்கெனவே பறிபோயிருந்ததால் அந்த ஆட்டத்தின் முடிவால் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால், வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த கோல்கள் இரண்டு மட்டுமே.

பயிற்சியாளர் மட்டுமே மாறுகிறார்: ரசிகர்களின் சீற்றம் இதற்கு முன்பே வெளிப்பட்டதுதான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 2024 மார்ச் 26-ஆம் தேதி குவாஹாட்டியில், தரவரிசையில் 158-ஆவது இடத்தில் இருந்த ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றபோது, பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்கு எதிராக மைதானத்திலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. அது கேப்டன் சுனில் சேத்ரியின் 150-ஆவது சர்வதேச ஆட்டம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவரும் அவரே.

அதே ஆண்டு ஜூனில் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ், தேசிய அணியுடன் கோவா கிளப் அணியையும் சேர்த்தே கவனித்து வந்தார். ஓராண்டில் ஒரே ஒரு வெற்றியைத் தேடித்தந்த நிலையில் 2025 ஜூலையில் அவரும் விலகினார். ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். மத்திய ஆசிய அணிகள் பங்கேற்ற போட்டியில் ஓமனை பெனால்டி முறையில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றதும் ரசிகர்களிடம் நம்பிக்கை துளிர்த்தது. அடுத்த மாதமே அது கோவாவில் பொய்த்துப்போனது.

ஓய்வு பெற்றுவிட்ட சேத்ரியை, 2025 மார்ச்சில் தமது 40-ஆவது வயதில் மீண்டும் அணிக்கு அழைத்துவர நேர்ந்ததே நிலைமையின் தீவிரத்தைக் காட்டுகிறது. ஐ.எஸ்.எல். கிளப்புகள் பலவும் கோல் அடிக்கும் பொறுப்பை வெளிநாட்டு வீரர்களிடம் ஒப்படைத்துவிட்டதால், உள்நாட்டு முன்கள வீரர்களுக்கு வாய்ப்பு அரிதாகிவிட்டது. எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் இக் குறையை ஓரிரு மாதங்களில் சரிசெய்துவிட முடியாது.

முடங்கிய லீக்: தேசிய அணி தடுமாறிய அதே மாதங்களில் உள்நாட்டு லீக் போட்டியும் முடங்கியது. ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் முடிவு ஏற்படாததால், ஜூலையிலேயே புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட சில கிளப்புகள் தங்கள் பணிகளை நிறுத்திவைத்தன. வர்த்தக உரிமைக்காகச் சம்மேளனம் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பர் 7-ஆம் தேதி வரை ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. அடுத்த 11-ஆவது நாளில்தான் டாக்கா தோல்வி.

வாக்கு யாரிடம்?: சம்மேளனத்தின் தலைவர் பதவி நீண்ட காலமாகவே அரசியல்வாதிகளின் கையில் இருந்து வருகிறது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி சுமார் 20 ஆண்டுகள் அப் பதவியில் இருந்தார். அவரை அடுத்து வந்த தேசியவாத காங்கிரஸின் பிரஃபுல் படேல், பதவிக் காலம் 2020-இல் முடிந்த பின்னரும் தொடர்ந்ததால், உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிர்வாகத்தை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. முன்னாள் வீரர்களுக்கும் வாக்குரிமை அளிக்கும் ஏற்பாட்டுடன் தேர்தல் நடத்த அப்போது முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தனிநபர்களுக்கு வாக்குரிமை தருவதை ஏற்காத சர்வதேச கால்பந்து சம்மேளனம், வெளியார் தலையீடு எனக் கூறி ஆகஸ்டில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அந்த ஏற்பாடு கைவிடப்பட்ட பின்னரே தடை நீங்கியது.

2022 செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்த தேர்தலில் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் மட்டுமே வாக்களித்தனர். முன்னாள் கோல்கீப்பரும் பாஜக பிரமுகருமான கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். இந்திய அணியின் கேப்டனாக விளங்கிய பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. ஹாங்காங் தோல்விக்குப் பின் சௌபே பதவி விலக வேண்டும் என பூட்டியா வெளிப்படையாகவே கோரினார். பலன் ஏதுமில்லை.

அந்தத் தேர்தலில் நாட்டின் புகழ்பெற்ற வீரர்களுக்கே வாக்குரிமை எட்டாத நிலையில், மழையிலும் வெயிலிலும் மைதானத்துக்கு வரும் ரசிகரின் குரல் எங்கே எடுபடும்?

கொல்கத்தா காட்டிய மாறுபாடு: டாக்கா தோல்விக்கு ஒரு மாதம்கூட நிறைவடையாத நிலையில், டிசம்பர் 13-ஆம் தேதி ஆர்ஜென்டீன வீரர் மெஸ்ஸி கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்களால், பிரமுகர்கள் சூழ்ந்து நின்ற அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. சிறிது நேரத்தில் அவர் புறப்பட்டுவிடவே, நாற்காலிகளும் பாட்டில்களும் மைதானத்துக்குள் பறந்தன.

முதல்வராக இருந்த மமதா பானர்ஜி மன்னிப்புக் கோரினார். ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று நாள்களில் மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் அரூப் பிஸ்வாஸ் அப் பொறுப்பிலிருந்து விலகினார். வன்முறையை எவரும் நியாயப்படுத்த இயலாது. எனினும், ஒரு நட்சத்திர வீரரைக் காண முடியாமல் போனதற்கு அமைச்சர் பதவி விலகும் நாட்டில், தேசிய அணி ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்ததற்கு நிர்வாகிகளில் ஒருவர்கூடப் பதவி விலகவில்லை. அமைச்சரின் பதவி மக்களின் வாக்கைச் சார்ந்தது. சம்மேளன நிர்வாகியின் பதவி அவ்வாறானதன்று.

ரசிகர்கள் மீதும் குறை உண்டு: ரசிகர்கள் தரப்பிலும் தவறில்லாமல் இல்லை. 2018 ஜூன் மாதம் மும்பையில் சீன தைபேவை 5-0 என இந்தியா வென்றபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர் மட்டுமே. எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் நேரில் வந்து அதைச் செய்யுங்கள் என்ற பொருளில் சேத்ரி விடியோவில் வேண்டுகோள் விடுத்தார். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு அத்தனை நுழைவுச்சீட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. உலகக் கோப்பையின்போது ஆர்ஜென்டீனாவுக்கும் பிரேசிலுக்கும் கொடி பிடிக்கும் கேரளத்திலும் வங்கத்திலும் இந்திய அணிக்கு அதே ஆதரவு எப்போதும் கிடைத்துவிடுவதில்லை.

ஆனால், இந்திய அணி ஆடும் நகரங்களுக்கெல்லாம் சொந்தச் செலவில் பயணம் செய்யும் ரசிகர்களும் இருக்கின்றனர். 2017-இல் தொடங்கப்பட்ட 'புளூ பில்கிரிம்ஸ்' அமைப்பினர் அத்தகையோர். 2024 ஜூன் 6-ஆம் தேதி சேத்ரி விடைபெற்ற ஆட்டத்தைக் காண சால்ட் லேக் மைதானத்தில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். குவைத்துடன் மோதிய அந்த ஆட்டமும் கோலின்றி முடிந்தது.

2019, 2023 ஆகிய இரு ஆசியக் கோப்பைப் போட்டிகளில் தொடர்ந்து பங்கேற்ற இந்தியாவுக்கு, 24 அணிகள் மோதும் 2027 போட்டியில் இடமில்லை. சம்மேளனத்தின் புதிய விதிமுறைகளுக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த உச்ச நீதிமன்றம், 2022-இல் தேர்வான நிர்வாகக் குழு நான்கு ஆண்டு பதவிக் காலம் முடியும்வரை தொடரலாம் எனக் கூறிவிட்டது. தோல்வியின்போது பயிற்சியாளரிடம் கேட்கப்படும் கணக்கு, தேர்தலின்போது நிர்வாகிகளிடமும் கேட்கப்பட வேண்டும் என்பதே ரசிகர்களின் எதிர்பார்ப்பு. 2022 தேர்தலில் அக் கணக்கைக் கேட்கும் உரிமை மாநிலச் சங்கங்களிடமே இருந்தது.