நிலவறையும் ஜலமும்

வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் அஸ்திவாரத்தை ஆழமாகவே போடவேண்டும். பனிக்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து பருத்து, ஆழமில்லாத அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். அவ்வளவு தோண்டியபின் அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று அதையே ஓர் அறையாக்கிக்கொண்டார்கள். முற்காலத்தில் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் அங்கே குளிர்காலத்தைக் கழித்தன. இப்பொழுதோ வீட்டைச் சூடாக்கும் யந்திரம் முதல், சில இல்லங்களில் குழந்தைகளின் படுக்கை வரை அங்கேதான்.

பனி உருகும் வசந்தத்தில் நிலத்தடி நீர் உயர்கிறது. ஒரு கன அடி ஜலத்தின் எடை சுமார் 62 பவுண்டு. சுவருக்கு வெளியே 4 அடி உயரம் நீர் நின்றால், அடிப்பாகத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறத்தாழ 250 பவுண்டு பாரம் நெருக்கும். இதை எதிர்த்து உட்புறத்தில் வர்ணம் பூசுவோர் இன்னும் இருக்கிறார்கள்! பூச்சு உரிந்துபோகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, அதன் நுண்தூள் மேல்தளத்துக்கும் ஏறி, இரைப்பு நோயுள்ள குழந்தையை வருத்துகிறது.

இந்த வீண்வேலையை 1859-லேயே ஒருவர் கண்டித்திருக்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த ஹென்ரி பிளாக் பிரெஞ்ச் என்னும் நீதிபதி அவர். பண்ணை வடிகால் பற்றி அவ்வாண்டு வெளியிட்ட நூலில் நிலவறைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஸிமெண்டுப் பூச்சு பயன்படாது, சுட்ட மண் குழாய் பதித்து நீரை வெளியேற்றுவதே தகும் என்பது அவர் கட்சி. 'பிரெஞ்சு வடிகால்' என்ற பெயர் இவரால் வந்ததேயன்றி, பிரான்ஸ் தேசத்தால் அன்று. வாஷிங்டனில் வீற்றிருக்கும் லிங்கன் சிலையை அமைத்த சிற்பி இவருடைய புதல்வரே.

இன்று செய்யும் முறையும் அவர் கருத்தின் வளர்ச்சிதான். சுவரோரமாகத் தரையை ஓரடி அகலம் உடைத்து வாய்க்கால் வெட்டுகிறார்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டலாகாது. தோண்டினால் வீடே அமிழும். வாய்க்காலில் சரளை பரப்பி, துளையுள்ள குழாயைத் துளை கீழ்நோக்க வைக்கிறார்கள். கீழிருந்து பொங்கும் நீர் தரையை எட்டுமுன் குழாய்க்குள் புகுந்துவிட வேண்டுமல்லவா? உள்ளே பொள்ளலான கற்களால் எழுப்பிய சுவராயின், அடிவரிசையில் துளையிட்டு, அதில் தேங்கியதையும் வடித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரு மூலைக் குழியில் சேர, மிதவை எழுந்து மின்சாரப் பம்பை முடுக்குகிறது. பிறகு வாய்க்காலின்மேல் மீண்டும் காங்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இவ்வளவு செலவுக்குமுன் கூரைத் தாழ்வாரத்தையும் முற்றத்தின் சரிவையும் பார்ப்பது விவேகம். கூரைநீர் சுவரடியில் கொட்டுவதே பல வீடுகளில் குற்றம். பத்தடி தூரத்துக்கு அரையடி சரிவு கொடுத்தாலே போதும் வீடுகளும் உண்டு.

உள்வடிகாலின் பலவீனம் பம்புதான். பெருமழை பெய்யும் இரவிலேதான் மின்சாரமும் நிற்கும்! ஆகவே பாட்டரியால் ஓடும் இரண்டாவது பம்பு ஒன்றையும் வைப்பது நல்லது. ஆண்டில் இருமுறையேனும் குழியில் வாளி வாளியாக ஜலம் ஊற்றி, மிதவை எழுகிறதா என்று பார்க்கவேண்டும். எழாவிட்டால், வானம் வெளுத்திருக்கும்போதே பழுதுபார்த்துக்கொள்ளலாம்.