கிருமி சொன்ன வழித்தடம்!

2016-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ள தேசியக் காசநோய் ஆய்வுக்கூடத்துக்கு வந்த சில மாதிரிகள், அங்கிருந்தவர்களைத் திகைக்க வைத்தன. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட்... காசநோய்க்கு முதலில் கொடுக்கப்படும் இந்த இரண்டு முக்கிய மாத்திரைகளும் அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. கப்ரியோமைசின் என்ற ஊசி மருந்துக்கும் அது மசியவில்லை. இப்படியொரு சேர்க்கையை அதுவரை அவர்கள் பார்த்ததில்லை.

நோயாளிகள் யார்? சோமாலியா, எரித்ரியா, எத்தியோப்பியா என்று ‘ஆப்பிரிக்காவின் கொம்பு’ பகுதியிலிருந்து புகலிடம் தேடி வந்தவர்கள். பெரும்பாலும் இளவயதினர். நாடு வேறு, மொழி வேறு. கிருமி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் மரபணு வரிசையைப் படிக்கும் தொழில்நுட்பம் கைகொடுத்தது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பு சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான புத்தகம் மாதிரி. 1998-ல்தான் அது முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது. கிருமி பெருகும்போதெல்லாம் இந்தப் புத்தகம் நகலெடுக்கப்படுகிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அதுவும் மிக மெதுவாக... சராசரியாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து!

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனை ஆசிரியர் எப்படிப் பிடிக்கிறார்? சரியான விடையை வைத்து அல்ல. இரண்டு தாளிலும் இருக்கும் ஒரே பிழையை வைத்து. இங்கேயும் அதே கணக்குதான். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கு இடையே ஐந்து எழுத்துகளுக்குள் வித்தியாசம் என்றால், சமீபத்தில் ஒரே சங்கிலியில் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டுக்கு மேல் போனால், நேரடித் தொடர்பு அநேகமாக இல்லை.

சூரிச் ஆய்வுக்கூடம் மற்ற நாடுகளையும் உஷார்படுத்தியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் என்று பட்டியல் நீண்டது. கடைசியில் ஏழு ஐரோப்பிய நாடுகளில் 29 நோயாளிகள்! தனித்தனியாகப் பார்த்திருந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் இது சில கேஸ்கள், அவ்வளவுதான். எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரே குடும்பம் என்று தெரிந்தது.

எங்கே தொற்றியது? ஐரோப்பாவில் என்று சொல்ல முடியாது. பலருக்கு வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சொந்த ஊரிலா? எல்லோருக்கும் ஒரே ஊர் இல்லையே. அப்படியென்றால், வழியில். நோயாளிகள் வந்த பாதையை விசாரித்தபோது திரும்பத் திரும்ப வந்த ஒரு பெயர், லிபியாவின் பனி வாலித். திரிபோலிக்குத் தென்கிழக்கே இருக்கும் இந்த ஊர், ஆள்கடத்தல் கும்பல்கள் அகதிகளை அடைத்துவைத்துப் பணம் பறிக்கும் இடம் என்று பெயரெடுத்தது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கூட்டமாக அடைபட்டால், இருமலில் பரவும் நோய்க்குக் கேட்கவா வேண்டும்? 2018-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை, தொற்று பரவிய இடமாக இருக்கலாம் என்று இந்த ஊரைத்தான் சுட்டியது.

இருக்கலாம் என்றுதான் சொன்னது. காரணம், எழுத்துகள் உறவைக் காட்டுமே தவிர, யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்வதில்லை. காசநோய்க் கிருமி உடம்புக்குள் பல ஆண்டுகள் சும்மா தூங்கிக்கிடக்கும் குணம் கொண்டது வேறு.

இதில் நோயாளிக்கு என்ன லாபம்? நிறைய இருக்கிறது. எந்த மருந்து வேலை செய்யாது என்பதும் அதே எழுத்துகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஆய்வகத்தில் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பலிக்காத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால், நோயும் முற்றும், பக்கத்தில் இருப்பவருக்கும் பரவும். இங்கிலாந்து 2017-லேயே மரபணு வாசிப்பைக் காசநோய்ப் பரிசோதனையில் வழக்கமாக்கிவிட்டது.

ஆனால், இயந்திரம் பாதி வேலையைத்தான் செய்யும். பனி வாலித் என்ற பெயரை எந்த மரபணுவும் சொல்லவில்லை, மனிதர்கள் சொன்னார்கள். எந்த வழியாக வந்தோம் என்பதைச் சொன்னால் புகலிட மனு என்னாகுமோ என்று பயப்படக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பயம் போகும் வரை காத்திருந்து கேட்கிற ஒரு நர்ஸோ, மொழிபெயர்ப்பாளரோ அங்கே வேண்டியிருக்கிறது.