ஐயனார் குதிரையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் பேருந்தில் போகும்போது, ஊர் எல்லையில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நிமிர்ந்த கழுத்து, உருட்டிய விழி, மார்பில் மணிமாலை! சில குதிரைகள் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். ஐயனார் கோயிலுக்கு ஊர் மக்கள் நேர்ந்து வைத்தவை அவை.

இவ்வளவு பெரிய குதிரையின் வயிற்றுக்குள் என்ன இருக்கும்? மண்ணா? கல்லா? வைக்கோலா?

ஒன்றுமே இல்லை. உள்ளே வெற்றிடம்தான்! கால்கள்கூட குழாய் போலத்தான் இருக்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், நீங்களும் களிமண்ணில் உடையாத பொம்மை செய்யலாம்.

பிடிமண்

பல ஊர்களில், குதிரை செய்யும் வேலை ஒரு பிடி மண்ணில்தான் தொடங்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் குயவரிடம் கொடுப்பார்கள். அதற்குப் 'பிடிமண்' என்று பெயர். அந்த மண்ணை வாங்கிவிட்டால், 'திருவிழாவுக்குள் குதிரையை முடித்துத் தருகிறேன்' என்று ஊருக்கே வாக்குக் கொடுத்தது போல. குதிரை சூளையில் வெடித்தால் வாக்கும் அல்லவா போய்விடும்!

அதனால்தான் குயவர் எந்த வேலையிலும் அவசரப்படமாட்டார்.

மண் ஏன் வளைகிறது?

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தள்ளினால் வழுக்கும். களிமண்ணும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் போன்ற துகள்களால் ஆனது அது. நடுவே தண்ணீர் இருப்பதால்தான் மண் உடையாமல் வளைந்து கொடுக்கிறது. ஆற்று மணலின் துகள்கள் உருண்டை உருண்டையாகவும் பெரிதாகவும் இருப்பதால், மணல் வீடு காய்ந்ததும் சரிந்துவிடுகிறது.

கண்மாயில் எடுத்த களிமண்ணைக் குயவர் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, காலால் நன்றாக மிதிப்பார். குதிரை செய்வதென்றால் மணலும் உமியும் சேர்ப்பார். சூளையில் உமி எரிந்து போனதும், அது இருந்த இடம் நுண்ணிய துளையாகிவிடும். அந்தத் துளைகள் எதற்கு? சொல்கிறேன்.

முதலில் கால், கடைசியில் தலை

பானையைத் திருகையில் வனையலாம். குதிரையை வனைய முடியுமா? முடியாது. அதைக் கையால்தான் கட்ட வேண்டும். முதலில் நான்கு கால்கள் குழாய்களாக எழும்பும். அவை சற்று இறுகிய பிறகே வயிறு. வயிறு இறுகிய பிறகே கழுத்தும் தலையும். கால் ஈரமாக இருக்கும்போதே மேலே பாரம் ஏற்றினால் குதிரை மண்டி போட்டுவிடும்!

ஏன் வெடிக்கிறது?

மண்ணுக்குள் ஈரம் மிச்சம் இருந்தால், சூளை 100 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அது நீராவியாகிறது. ஒரு கரண்டித் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேலான இடம் அதற்கு வேண்டும். வெளியே போக வழி இல்லையென்றால்? டமார்தான்!

கனமான மண் உருண்டையின் வெளிப்புறம் காய்ந்தாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். சுவர் மெல்லியதாகவும் ஒரே கனமாகவும் இருந்தால் முழுவதும் காய்ந்துவிடும். குதிரையின் வயிறு காலியாக இருப்பதன் ரகசியம் இதுதான். உமி விட்ட துளைகளும் மிச்ச ஆவியை வெளியே விடும்.

ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டிவிட்டால், களிமண்ணின் உள்ளமைப்பிலேயே கட்டுண்டிருந்த நீரும் போய்விடுகிறது. அதன் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மறுபடி சேறாகாது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளும், கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் மண்ணோடு மண்ணாகக் கரையாமல் இருப்பது இதனால்தான்.

நீங்களும் செய்யுங்கள்!

1. இரண்டு கைப்பிடி களிமண்ணை, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அதில் ஒரு துண்டைத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு விட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும்.

2. ஒரு பகுதியை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, கிண்ணம் போல ஆக்குங்கள். இப்படி இரண்டு கிண்ணங்கள் செய்து வாயோடு வாய் சேர்த்தால், குதிரையின் வயிறு தயார்! அடியில் குச்சியால் ஒரு துளை போட மறக்காதீர்கள்.

3. கைவேலை வகுப்பில் பிள்ளைகள் செய்யும் யானையின் தும்பிக்கை மறுநாளே கழன்று விழும். ஏன் தெரியுமா? வெறுமனே அழுத்தி ஒட்டுவதால்தான். கிண்ணத்தின் வாயோ, காலோ, தலையோ, எதை ஒட்டினாலும் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, குழம்பு போலக் கரைத்த களிமண்ணைத் தடவி, அழுத்திச் சேருங்கள். வெயிட்டைத் தாங்கும்படி கால்களைக் குட்டையாக வையுங்கள்.

4. வெயிலில் வைக்காதீர்கள்! ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் சுருங்கி விரிசல் விடும். நிழலில், மெல்லிய துணியால் மூடி, ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டு அடுப்பில் சுடும் முயற்சி வேண்டவே வேண்டாம். வெடித்துச் சிதறினால் ஆபத்து. பக்கத்தில் குயவர் வீடு இருந்தால், பெரியவர்களோடு போய், சூளையில் ஓர் ஓரம் இடம் கேளுங்கள். உங்கள் குதிரை வெடித்தால் பக்கத்தில் இருக்கும் அவருடைய பானைகளும் உடையும். ஆகவே நன்றாகக் காய்ந்ததா என்று அவரிடமே காட்டிவிட்டுக் கொடுங்கள்.

முதல் குதிரை கழுதை போல வந்துவிட்டதா? கவலை வேண்டாம். சுடாத மண்ணைத் தண்ணீரில் போட்டால் மீண்டும் களிமண்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். நெருப்புக்குள் போன பிறகுதான் திருத்த முடியாது.

ஆகவே, திருத்த வேண்டியதையெல்லாம் ஈரம் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்!