எழுபது வளைவுகளும் ஆறு வேலை நாட்களும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே உள்ள சோளக்காடு, செம்மேடு வரை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்ல, வெறும் இயற்பியல் கணக்குப்படி 140 கிலோ கலோரி போதும். ஆனால் தசை தான் எரிக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உண்மைச் செலவு 560 கிலோ கலோரி. அதே ஆள் சமதளத்தில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் ஆகும் செலவு இது. சாலையின் நீளத்தைக் கடக்க ஆகும் செலவை இதோடு தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல், ராசிபுரம், சேலம், கரூர்க்காரர்களுக்கு இந்த மலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்த் திரும்பும் தூரம்தான். ஜனவரியில் சென்னையிலும் மும்பையிலும் மாரத்தான் நடக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் லாரி பாடி கட்டும் பட்டறையிலும் வாரம் ஆறு நாள் உழைக்கிற மனிதர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களை வாட்டுவது ஒரே கவலை. மாதக் கடைசிக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, நான்கு நாள் ஓட முடியவில்லை, செய்ததெல்லாம் வீணாகிவிட்டதோ?

வீணாகவில்லை. உடற்பயிற்சி அறிவியல் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் கண்டுபிடித்தவற்றில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தச் செய்தி போதுமான பேரைப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கோயலும் அவருடைய சகாக்களும் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுவதுமாக ஓய்வெடுக்கச் செய்து, அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பை, அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவை, அவ்வப்போது அளந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் அது 7 சதவீதம் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் தசை அல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைந்ததுதான். 84 நாள் எதுவுமே செய்யாமல் இருந்த பிறகு மொத்த இழப்பு 16 சதவீதம். நான்கு நாள் எந்த மூலைக்கு?

இதைவிடப் பயனுள்ளது ராபர்ட் ஹிக்சன் சிகாகோவில் 1980-களில் செய்த தொடர் ஆய்வு. சிறிய குழுக்கள்தான்; ஆனால் கேள்வி கூர்மையானது. முதலில் எல்லோரும் பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். அடுத்த 15 வாரம் பயிற்சியைக் குறைத்தார்கள். ஓர் ஆய்வில் ஆறு நாளை நான்காகவும் இரண்டாகவும் குறைத்தார்கள். உச்ச ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை. இன்னொன்றில் 40 நிமிடத்தை 26 ஆகவும் 13 ஆகவும் குறைத்தார்கள். அப்போதும் இறங்கவில்லை, 13 நிமிடக் குழுவுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் கொஞ்சம் தேய்ந்தது. மூன்றாவது ஆய்வில் நாளையும் நேரத்தையும் தொடாமல் உழைப்பின் கடுமையை மட்டும் குறைத்தார்கள். அப்போதுதான் தகுதி சரிந்தது.

கட்டிய தகுதியைக் காப்பாற்றுவது வாரத்தில் ஓரிரு முறை மூச்சு வாங்க உழைக்கும் உழைப்புதான். நாட்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்தபடி. தகுதியைக் கட்டுவதற்கு மட்டும் நீண்ட, நிதானமான ஓட்டங்கள் வேண்டும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மாதக்கணக்கில் ஓடினால் தசைச் செல்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. ஓட்டப் பயிற்சியால் அவை பெருகும் என்பதை ஜான் ஹாலோசி 1967-ல் எலிகளை ஓடவிட்டுக் காட்டினார். எலிகளின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிச் செயல்பாடு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முன்னணி வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களே ஐந்தில் நான்கு பங்குப் பயிற்சியை நிதானமாகத்தான் செய்கிறார்கள் என்று கண்டார்.

வேலையோடு ஓடியவர்களில் உலகம் மறக்காத பெயர் ரோஜர் பானிஸ்டர். 1954-ல் அவர் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவர். மதிய இடைவேளையில் பக்கத்து மைதானத்துக்குப் போய் அரைமணி நேரம் ஓடிவிட்டு வருவார். 440 கெஜத்தைப் பத்து முறை, நடுவே இரண்டு நிமிட மெதுவோட்டத்துடன். அந்த வசந்த காலத்தில் அவருடைய நேரம் 61 விநாடிக்குக் கீழே இறங்க மறுத்தது. ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் பாறை ஏறப் போனார். சில நாள் கழித்துத் திரும்பி ஓடியபோது 59 விநாடி. மே 6 அன்று காலை மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு ரயிலேறி ஆக்ஸ்போர்டுக்குப் போனார். மாலையில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரானார்.

நம் காலத்தில் ஜப்பானின் யூக்கி கவாவுச்சி இருக்கிறார். சைட்டாமா மாகாண அரசின் ஊழியராகப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 2018 பாஸ்டன் மாரத்தானை, கொட்டும் குளிர் மழையில், 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். அப்போது அவருடைய பணி மதியத்தில் தொடங்கியது. பயிற்சி காலையில் ஒரு வேளைதான். 2021-ல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர். அவரவர் வேலைக்கு ஏற்றபடி கிடைத்த மணிநேரத்தை வகுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

கொல்லிமலை ஏற்றம் இந்தக் கணக்கில் எங்கே பொருந்துகிறது? கடும் உழைப்பை மூட்டுக்கு அதிகச் சேதமில்லாமல் தருவது ஏற்றம்தான். இத்தாலியரான ஆல்பர்டோ மினெட்டியும் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட அளவீடுகளை வைத்துப் பார்த்தால், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சரிவில் ஓட, சமதளத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். பத்து மீட்டர் உயரும் சரிவில் 65 சதவீதம். நம் நாட்டில் மலைச் சாலைகளைப் பொதுவாக நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில்தான் வகுக்கிறார்கள். அந்தச் சரிவை விட்டுவிடாமல் உயரம் ஏறத்தான் இத்தனை வளைவுகள். வளைவின் உள்விளிம்பு மட்டும் சட்டென்று செங்குத்தாகும். சமதளத்தில் இதயத் துடிப்பை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டுமானால் வேகமாக ஓட வேண்டும், பாதம் தரையில் பலமாக மோதும். ஏற்றத்தில் மெதுவாக ஓடினாலே இதயம் அங்கே போய்விடும், மோதலும் குறைவு. ஐந்து வளைவு ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஐந்து வளைவு ஏறினால் அந்த வாரத்தின் கடும் பயிற்சி முடிந்தது. எழுபதையும் ஒரே மூச்சில் ஏறியாக வேண்டும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

மினெட்டியின் இன்னொரு கண்டுபிடிப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால், நடந்து ஏறுகிறவருக்கு மிகச் சிக்கனமான சரிவு நூற்றுக்கு 25 அளவில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளும் அதே சரிவில்தான் அமைந்திருக்கின்றன. கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்கள் தடம் பதித்த ஒற்றையடிப் பாதைகள் ஏன் சாலையைப்போல் வளைந்து வளைந்து போகாமல் நேராக ஏறுகின்றன என்று வியப்பவர்களுக்கு இது ஒரு நல்ல விடை. சாலை வண்டிக்காக வகுக்கப்பட்டது, பாதை காலுக்காக.

இறக்கத்தைப் பற்றி நான் எச்சரித்தே ஆக வேண்டும். மூச்சுக்கு இறக்கம் சுகம். நூற்றுக்கு ஐந்து சரிவில் கீழே ஓட, சமதளச் செலவில் முக்கால் பங்குதான் ஆகும். தொடைக்கு அப்படி அல்ல. இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. உடம்பு முன்னால் சரிந்துவிடாமல் ஒவ்வொரு அடியிலும் தடுத்து நிறுத்துவது அதுதான். அப்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அமெரிக்காவில் காட்ஷாலும் கிராமும் 2005-ல் அளந்தபோது, 9 டிகிரி இறக்கத்தில் ஓடுகிறவரின் பாதம் தரையில் மோதும் உச்ச விசை சமதளத்தைவிட 54 சதவீதம் அதிகமாக இருந்தது. கொல்லிமலைச் சாலை அவ்வளவு செங்குத்து இல்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் விடாமல் இறங்குகிறது.

வலி உடனே தெரியாது. ஞாயிறு மதியம் நன்றாக இருப்பவர் செவ்வாய்க்கிழமை அலுவலகப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவார். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தாமதித்து உச்சத்துக்கு வரும் இந்த வலியைத் தியோடர் ஹஃப் 1902-லேயே விவரித்துவிட்டார். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது; இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது காரணமாக முடியாது. சிதைந்த இழைகளும் அவற்றைச் சரிசெய்ய வரும் அழற்சியும்தான் காரணம்.

உடம்பு ஒருமுறை பட்டதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு முறை மிதமாக இறங்கி ஓடிப் பழகினாலும், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. முதல் ஞாயிறு மூன்று, நான்கு வளைவு மட்டும் இறங்கி ஓடி, மிச்சத்துக்குப் பஸ் ஏறிவிடுவது நல்லது. இரண்டு வாரம் கழித்துக் கூட்டலாம். வார இறுதியில் சுற்றுலா வண்டிகளும் பைக்குகளும் அதிகம். விடியற்காலையில் பனிமூட்டமும் இருக்கும். ஒளிரும் மேற்சட்டை இல்லாமல், எதிர்வரும் வண்டியைப் பார்க்க முடியாத பக்கத்தில், அந்தச் சாலையில் யாரும் ஓடக் கூடாது. நிதான ஓட்டத்துக்கு மேலே செம்மேட்டைச் சுற்றி மேடும் பள்ளமுமாக ஊர்ச் சாலைகள் இருக்கின்றன.

மலையின் உயரம் ரத்தத்தைப் பெருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். 1200 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 13 சதவீதம்தான் குறைவு. உயரப் பயிற்சிக்கு வீரர்கள் 2000 மீட்டருக்கு மேலே போய் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். மலை தரும் உண்மையான சலுகை குளிர்ச்சி. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் இறங்குகிறது. ஆனால் அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது: குளிர்ச்சியில் மட்டும் ஓடிய உடம்பு வெக்கைக்குப் பழகியிருக்காது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சென்னையின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும், வெப்பம் உள்ளேயே தங்கும். வெக்கைக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். எனவே வார நாட்களில் கீழே, ஊரின் வெக்கையிலேயே ஓடிய ஓட்டங்களைக் குறைவாக மதிக்காதீர்கள்.

சாப்பாட்டில் சுவீடன்காரர்களான பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மேனும் 1966-ல் செய்த சோதனை அழகானது. தாங்களே ஆட்களாகி, ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. உழைத்த காலின் தசையில் சேர்ந்த கிளைக்கோஜன் (தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து), சும்மா இருந்த காலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. உழைத்த தசைதான் சாப்பாட்டைச் சேமிக்கிறது. கொல்லிமலையின் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிற்சி வாரங்களுக்கு அருமையான உணவு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிறுதானியங்களை அங்கே நிலைநிறுத்தப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் மட்டும் நார்ச்சத்து குறைந்த வெள்ளைச் சோறு வயிற்றுக்கு நல்லது.

ஜனவரிப் போட்டிக்குப் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையால் மலை ஞாயிறுகள் சில தவறும். ஹிக்சனின் முடிவுகளை நினைத்துக்கொண்டு அந்த வாரம் ஊரிலேயே ஏதாவது பாலத்தில் ஏறி இறங்கினால் போதும். கடைசி நீண்ட இறக்கம் போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பற்றி லோரன் போஸ்கேயின் குழு 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் ஓடியவர்களுக்கே பலன் அதிகம். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவர் 20-க்கு வரலாம். செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம் இருக்கட்டும், எட்டுச் சுற்றுக்குப் பதில் நான்கு. விட்டுப்போனதை ஈடுகட்டும் ஆசையில் அந்த நாட்களில் அதிகம் ஓடினால், தசை மாறுவதற்கு அவகாசம் இல்லை. களைப்பு மட்டும் போட்டி நாள்வரை கூட வரும். போட்டிக்கு முந்தைய ஞாயிறு குடும்பத்தோடு மலைக்குப் போய்க் கோயிலில் அறப்பளீஸ்வரரைப் பார்த்து வரலாம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரம் படிகளை மட்டும் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.